வீட்டு உரிமையாளரும் ஒப்பந்ததாரரும்: விலை பேசுவது முதல் கணக்கு முடிப்பது வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்த வீட்டில் குடியிருப்பவரும், வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவரும், அடுக்ககச் சங்கத்தின் பொறுப்பில் இருப்பவரும் மொட்டைமாடிக் கசிவு, பெயின்டிங், குழாய், கழிவுநீர்த் தொட்டி, லிஃப்ட் என ஏதேனும் ஒரு வேலைக்காக ஆண்டுதோறும் ஒப்பந்ததாரர்களிடம் பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சில் எழும் கேள்விகளுக்குத் தமிழ்நாட்டு நடைமுறையையும் நடப்பில் உள்ள சட்டங்களையும் ஒட்டி இங்கே பதில் தரப்பட்டுள்ளது.

மொட்டைமாடிக் கசிவுக்கு மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். ஒருவர் சொன்ன தொகை மற்றவர் சொன்னதைப் போல் இரு மடங்காக இருக்கிறது. யார் ஏமாற்றுகிறார்?

பெரும்பாலும் யாரும் ஏமாற்றுவதில்லை. மூவரும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள் என்பதே உண்மை. ஒருவர் பழைய தட்டோட்டை முழுவதும் பெயர்த்து, இடிபாட்டைக் கீழே இறக்கி, தளத்தின் விரிசல்களை அடைத்து, மழைநீர் வடிகுழாயை நோக்கி வாட்டம் அமைத்து, கசிவுத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதன்மேல் மீண்டும் ஓடு பதிப்பதாகக் கணக்கிட்டிருப்பார். இன்னொருவர் பழைய ஓட்டைத் தொடாமல் இடுக்குகளை மட்டும் நிரப்பி, மேலே இரண்டு கோட் அடிப்பதாக நினைத்திருப்பார். மூன்றாமவர் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைச் சேர்த்தாரா இல்லையா என்பதே கொட்டேஷனில் இருக்காது. இந்த மூன்று தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஆகவே பேரத்தின் முதல் வேலை, ஒப்பந்ததாரரைக் கூப்பிடுவதற்கு முன்பே வேலைப் பட்டியலை நீங்கள் எழுதுவதுதான். எதைப் பெயர்க்க வேண்டும், இடிபாட்டை யார் எங்கே கொண்டு கொட்டுவார், எந்தப் பொருள், எத்தனை கோட், மூலைகளும் குழாய் நுழையும் துளைகளும் சேர்த்தியா, வேலை முடிந்தபின் என்ன சோதனை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அதே தாளை மூவருக்கும் கொடுங்கள். அதன்பின் வரும் விலைகளில் உள்ள வேறுபாடு உண்மையான வேறுபாடாக இருக்கும்.

அதற்கும் முன்னதாக, ஓதத்துக்குக் காரணம் எது என்று தெரிய வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் கசிவும், சுவருக்குள் போகும் குழாயின் கசிவும், மேல்தளக் குளியலறையின் கசிவும் கூரையில் ஒரே மாதிரியான கறையையே காட்டும். மழையில்லாத நாளிலும் கறை ஈரமாக இருந்தால் மாடித் தளத்தைச் சந்தேகிப்பதற்கு முன் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். பெரிய செலவு என்றால், அந்த வேலையை எடுத்துச் செய்யாத ஒரு கட்டடப் பொறியாளருக்குத் தனியாகக் கட்டணம் கொடுத்துப் பார்க்கச் சொல்வது நல்லது. வேலையை விற்பவரே நோயையும் கண்டறிந்து சொல்வது உரிமையாளருக்குப் பாதுகாப்பான ஏற்பாடு அன்று.

பெயின்டிங் வேலையில் சதுர அடிக் கணக்கு எப்போதும் தகராறில் முடிகிறது. எப்படி அளப்பது?

தகராறு வருவது விலையில் இல்லை, அளவில்தான். ஒரு சதுர அடிக்கு ஒரு ரூபாய் குறைத்துவிட்டதாக மகிழ்ந்திருக்கும்போது, அளவில் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டிருக்கும். அளக்கும் முறையை முடிவு செய்யாமல் விலையை மட்டும் முடிவு செய்வது அரைகுறையான ஒப்பந்தம்.

12 அடிக்கு 10 அடி அறை ஒன்று, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சுவர்களும் சேர்ந்து 440 சதுர அடி, கூரையின் உட்புறம் 120 சதுர அடி, ஆக 560. இதில் 7 அடிக்கு 3 அடி கதவு 21 சதுர அடியை எடுத்துக்கொள்கிறது. உரிமையாளர் கதவு, சன்னல் முழுவதையும் கழிக்கச் சொல்வார். ஒப்பந்ததாரர் எதையும் கழிக்க முடியாது என்பார். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1200 என்னும் அளவீட்டு விதித்தொகுப்பு இதற்கு நடுநிலையான வழி சொல்கிறது. அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளுக்குக் கழிவு இல்லை. அரை முதல் 3 சதுர மீட்டர் வரையுள்ளவற்றுக்கு, சுவரின் இரு பக்கமும் ஒரே வேலை நடக்கும்போது ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிவு. திறப்பின் உட்பக்கவாட்டுகளை, அதாவது திறப்புக்குள் சுவரின் தடிமன் தெரியும் பரப்புகளை, தனியே சேர்ப்பதில்லை. 3 சதுர மீட்டருக்கு மேற்பட்டால் இரு பக்கமும் கழித்து, உட்பக்கவாட்டுகளை அளந்து சேர்க்க வேண்டும். மேலே சொன்ன கதவு ஏறத்தாழ 2 சதுர மீட்டர். ஆகவே ஒரு பக்கம் கழியும், மறுபக்கம் கழியாது.

இந்த விதியையே பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் தனியார் வேலையில் இல்லை. ஆனால் ஏதோ ஒரு விதியை முன்கூட்டியே எழுதிக்கொள்வது கட்டாயம். தரைப் பரப்பை ஒரு குத்துமதிப்பான எண்ணால் பெருக்கிச் சுவர்ப் பரப்பைச் சொல்லும் வழக்கத்தை முதல் மதிப்பீட்டுக்கு ஏற்கலாம், இறுதிக் கணக்குக்கு ஏற்க வேண்டாம். மேஸ்திரியும் நீங்களும் சேர்ந்து டேப் பிடித்து அளந்து, அறைவாரியாக எழுதி, இருவரும் கையெழுத்திட்ட தாள் ஒன்று இருந்தால் கடைசி நாளில் குரல் உயராது. பழைய ஆட்கள் 'சதுரம்' என்று சொன்னால் அது 100 சதுர அடி என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கூலி மட்டும் பேசலாமா, பொருளோடு சேர்த்துக் கொடுக்கலாமா?

கடைக்குப் போகவும் வேலையிடத்தில் நிற்கவும் நேரம் உள்ளவருக்குக் கூலி ஒப்பந்தமே சிக்கனம். நேரம் இல்லாதவர் பொருளோடு சேர்த்துக் கொடுக்கலாம். ஆனால் பொருளின் பெயரையும் ரகத்தையும் முழுமையாக எழுத வேண்டும். 'நல்ல கம்பெனி எமல்ஷன்' என்று எழுதுவதில் பயனில்லை. ஒரே நிறுவனத்தில் பல ரகங்கள் உண்டு, அவற்றின் விலை பல மடங்கு வேறுபடும்.

பெயின்ட் வாளியின் மூடியை உங்கள் முன்னிலையில் திறக்கச் சொல்வதும், காலி வாளிகளை வேலை முடியும்வரை அப்புறப்படுத்தாமல் வைக்கச் சொல்வதும் அவமதிப்பு ஆகாது. ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்பதை நிறுவனமே வெளியிடுகிறது. காலி வாளிகளின் எண்ணிக்கை அந்தக் கணக்கோடு ஏறக்குறைய ஒத்துப்போனால் சொன்ன அளவு பெயின்ட் சுவருக்குப் போயிருக்கிறது என்று அறியலாம். மேலும், பெயின்ட் நிறுவனங்கள் பெயின்டர்களுக்கு வாங்கும் அளவுக்கேற்பப் புள்ளிகளும் பரிசுகளும் தருகின்றன. ஒரே பிராண்டை அவர் வலியுறுத்தும்போது, அது பழக்கத்தாலா ஊக்கத்தொகையாலா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

சொன்ன விலையில் எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

இந்தக் கேள்வியை நான் வேறு விதமாக மாற்றிக் கேட்கச் சொல்வேன்: அவருடைய செலவில் எதை என்னால் குறைத்துத் தர முடியும்? ஒப்பந்ததாரர் சொல்லும் தொகையில் பொருள், கூலி, சாரம், வண்டி வாடகை, அவருடைய லாபம் ஆகியவற்றோடு, தெரியாத சங்கடங்களுக்காக அவர் சேர்த்துவைக்கும் ஒரு பகுதியும் இருக்கிறது. தண்ணீர் கிடைக்குமா, பொருள் வைக்க இடம் உண்டா, பணம் நாளுக்கு வருமா, நடுவில் வீட்டுக்காரர் மனம் மாறுவாரா என்ற ஐயங்களுக்கெல்லாம் அவர் விலை போட்டிருக்கிறார். அந்த ஐயங்களைத் தீர்த்துவையுங்கள், விலை இறங்கும். வெறும் அழுத்தத்தால் இறக்கும் விலை, வேலையிலிருந்துதான் கழிக்கப்படும்.

அது எப்படிக் கழிக்கப்படும் என்பதை வெளிப்படையாகவே கணக்கிடலாம். எத்தனை பெரியாள், எத்தனை சித்தாள், எத்தனை நாள் என்று கேளுங்கள். உங்கள் ஊரின் நாள்கூலியால் பெருக்கிப் பொருள் விலையைச் சேருங்கள். நீங்கள் கேட்கும் தொகை அதற்கும் கீழே போனால், பிரைமர் ஒரு கோட் குறையும், பட்டி பார்த்த சுவர் காயாமலே அடுத்த பூச்சு ஏறும், பூச்சுவேலைக்கு ஏழு நாள் தண்ணீர் விட வேண்டிய இடத்தில் இரண்டு நாளோடு நிற்கும், அல்லது அந்த வாரக் கூலியில் யாரோ ஒரு தொழிலாளிக்குக் குறையும். கடைசியாகச் சொன்னது உரிமையாளர் கண்ணுக்குத் தெரியாது என்பதாலேயே அதைப் பற்றி அவர் கூடுதலாக யோசிக்க வேண்டும்.

உண்மையான சலுகை காலத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. முதல் மழையில் ஒழுகியபின் ஊரே கசிவுத்தடுப்பு ஆட்களைத் தேடுகிறது, நனைந்த தளமோ பூச்சுக்கே தகுதியாக இருப்பதில்லை. அதே வேலையைப் பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் பேசினால் விலையும் இறங்கும், தளமும் உலர்ந்திருக்கும். பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் பெயின்டர் கிடைப்பது அரிது. ஆடியிலும் மார்கழியிலும் புதுமனை புகுவிழாக்களைத் தள்ளிப்போடும் வழக்கத்தால், அந்த விழாக்களுக்கான அவசர வேலைகள் குறைந்து ஆட்களுக்கு ஓய்வு இருக்கும். உள்வேலைகளை அப்போது பேசலாம். பக்கத்து வீட்டாரும் வெளிச்சுவர் அடிக்க நினைத்திருந்தால் சேர்ந்து பேசுங்கள்; சாரத்தையும் ஆட்களையும் கொண்டுவரும் செலவு பிரியும்.

அட்வான்ஸ் எவ்வளவு கொடுப்பது?

கூலி ஒப்பந்தத்துக்கு 10 விழுக்காடும், பொருளோடு கூடிய ஒப்பந்தத்துக்கு முதல் கட்டப் பொருள் வாங்கும் அளவும் போதும் என்பது என் கருத்து. பெருந்தொகை கேட்டால், 'பொருளுக்கான பணத்தை நானே கடைக்கு நேரடியாகச் செலுத்துகிறேன், பில் என் பெயரில் வரட்டும்' என்று சொல்லலாம். நியாயமானவர் ஒப்புக்கொள்வார்.

மீதியை நாளைக் கணக்கிட்டுக் கொடுக்காமல் வேலையின் கட்டத்தைக் கணக்கிட்டுக் கொடுங்கள்: பழையதைப் பெயர்த்து முடித்ததும் இவ்வளவு, வாட்டம் அமைத்ததும் இவ்வளவு, பூச்சு முடிந்ததும் இவ்வளவு என்று. பணம் எப்போதும் முடிந்த வேலைக்குச் சற்றுப் பின்னாலேயே வர வேண்டும், வெகுதூரம் பின்னால் அன்று. ஒப்பந்ததாரருக்குச் சனிக்கிழமை கூலிப் பட்டுவாடா இருக்கிறது. அன்று மாலை அவர் கையில் பணம் இல்லையென்றால் திங்கட்கிழமை உங்கள் வீட்டுக்கு ஆள் வராது, வேறு வேலைக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமையே அளந்து சரிபார்த்துச் சனிக்கிழமை காலையில் பணம் தருகிறவர் என்ற பெயர் உங்களுக்கு இருந்தால், அடுத்த முறை விலை பேசும்போது அதுவே உங்களுடைய வலிமை.

கடைசி 5 முதல் 10 விழுக்காட்டைக் குறிப்பிட்ட காலம் வரை நிறுத்திவைக்கலாம். அரசுப் பணி ஒப்பந்தங்களிலும் குறைகளைச் சரிசெய்யும் காலம் முடியும்வரை ஒரு பகுதியைப் பிடித்துவைக்கும் முறை உண்டு. ஆனால் இதைத் தொடக்கத்திலேயே எழுதிச் சம்மதம் வாங்க வேண்டும். வேலை முடிந்தபின் திடீரென்று பிடித்துவைப்பது நேர்மையற்றது.

எழுத்தில் ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டுமா?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். மெய்ப்பிப்பதுதான் கடினம். வேலைப் பட்டியல், அளவு முறை, விலை, கட்டணக் கட்டங்கள், முடியும் நாள், தாமதமானால் என்ன, குறை வந்தால் யார் சரிசெய்வது ஆகியவை அடங்கிய இரண்டு பக்கத் தாளில் இருவரும் கையெழுத்திட்டால் சிறு வேலைகளுக்குப் போதுமானது. நடுவே பேசும் மாற்றங்களை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாகவேனும் பதிவு செய்யுங்கள். உரிய சான்றிதழுடன் அது மின்னணுச் சான்றாக ஏற்கப்படும்.

வேலை நடக்கும்போது 'இது கூடுதல் வேலை, தனிக் காசு' என்கிறார்கள். என்ன செய்வது?

பழைய கட்டடத்தில் சுவரை உடைத்த பிறகுதான் துருப்பிடித்த கம்பி தெரியும் என்பதால், கூடுதல் வேலை வருவதே தவறு என்று சொல்ல முடியாது. வரக்கூடிய கூடுதல் வேலைகளுக்கான விலையையும் முதலிலேயே கேட்டு வாங்குங்கள்: கம்பி தெரியும் இடத்தில் பழுது நீக்க ஒரு சதுர அடிக்கு எவ்வளவு, குழாய் மாற்ற ஓர் அடி நீளத்துக்கு எவ்வளவு என்று. அளவும் தொகையும் சொல்லி உங்கள் ஒப்புதல் பெறாமல் செய்த கூடுதல் வேலைக்குப் பணம் இல்லை என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேருங்கள். அதே நேர்மையில், நீங்கள் வாய்வார்த்தையாகச் செய்யச் சொன்ன வேலைக்கு மறுக்காமல் பணம் கொடுங்கள்.

பில் வேண்டாம் என்றால் ஜி.எஸ்.டி. மிச்சம் என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

வீட்டுப் பழுது, பெயின்டிங் போன்ற வேலைகளுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. சேவை வழங்குபவரின் ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் தமிழ்நாட்டில் அவர் பதிவு செய்யவே தேவையில்லை. ஆகவே சிறு மேஸ்திரி வரி இல்லாமல் ரசீது தருவது முறையானதே. காம்போசிஷன் என்னும் சிறு தொழில்களுக்கான எளிய ஜி.எஸ்.டி. திட்டத்தில் இருப்பவரும் உங்களிடம் வரியைத் தனியே வசூலிக்க முடியாது. பதிவு பெற்றவர் பில்லைத் தவிர்க்கச் சொல்வதுதான் வரி ஏய்ப்பு, அதற்கு உடன்படக் கூடாது. பில் இல்லையென்றால் நாளை குறை வரும்போது, பணம் கொடுத்துச் சேவை பெற்றதற்கான முதல் ஆதாரமே உங்களிடம் இருக்காது. பெரிய கட்டுமானமாக இருந்து ஒரே ஒப்பந்ததாரருக்கு ஒரு நிதியாண்டில் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தால், தனிநபரும் வருமான வரியைப் பிடித்தம் செய்ய வேண்டும். அந்த விழுக்காடு 2024 அக்டோபர் முதல் 2.

'பத்து வருட கியாரண்டி' என்பதை நம்பலாமா?

யார் தருகிறார் என்று முதலில் பாருங்கள். பொருள் தயாரிக்கும் நிறுவனம் தருவது பெரும்பாலும் பொருளுக்கு. பூசியவர் தருவது வேலைக்கு. பொருள் நன்றாக இருந்தும் பூசிய முறை தவறாகி ஒழுகினால் முதலாவது உதவாது. கியாரண்டி தாளில் எந்தப் பரப்பு, குறையைச் சரிசெய்யும்போது பொருளும் கூலியும் இருவகையும் இலவசமா, தெரிவித்த எத்தனை நாளில் வருவார் என்பவை இருக்க வேண்டும். பத்து ஆண்டு வாக்குறுதியைவிட ஒரு நாள் சோதனை எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது: வடிகுழாய்களை அடைத்து, தளத்தில் சில அங்குலம் தண்ணீரைக் குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் தேக்கிவைத்துக் கீழே பாருங்கள். ஓடு பதிப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும் என்றும், இதற்குப் பிறகே அந்தக் கட்டத்துக்கான பணம் என்றும் எழுதிவிடுங்கள்.

கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை இறக்கினால் குறைந்த செலவில் முடியும் என்கிறார்கள்.

கூடாது. இதில் பேரத்துக்கே இடமில்லை. பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் பணி தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒப்பந்ததாரர் மட்டுமன்று, வேலைக்கு அமர்த்துகிற எவரும் இதில் பொறுப்பாளியாவார். இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது.

மூடிய தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் தேங்கியிருக்கும். செறிவு கூடும்போது ஹைட்ரஜன் சல்பைடு மூக்கின் நுகரும் உணர்வையே மழுங்கடித்துவிடுவதால், நாற்றம் இல்லை என்று இறங்கியவர் மூச்சடங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்கிய இரண்டாமவரும் விழுகிறார். இப்படித்தான் ஒரே தொட்டியில் இருவர் மூவர் இறக்கிறார்கள். உறிஞ்சு வாகனத்துக்கு 14420 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது உரிமம் பெற்ற லாரியை அமர்த்துங்கள். லாரி எட்டாத இடம் என்றால் நீளமான குழாய்க்குக் கூடுதல் பணம் கொடுங்கள். அடியில் இறுகிய கசடை எடுக்க 'ஒரு நிமிடம் இறங்குகிறேன்' என்று தொழிலாளியே முன்வந்தாலும் மறுப்பது உரிமையாளரின் கடமை.

வீடு வாடகையில் இருக்கிறது. எந்த வேலைக்கு நான் ஒப்பந்ததாரரை அனுப்ப வேண்டும்?

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை இதைப் பிரித்துக் கூறுகிறது. வாடகைதாரரால் நேராத கட்டமைப்புப் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம், தேவையானபோது குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றுதல் ஆகியவை உரிமையாளருக்கு. குழாய்த் திருகு, வாஷ்பேசின், கீசர், சுவிட்ச் போன்ற அன்றாடப் பழுதுகள் வாடகைதாரருக்கு. எழுத்துமூல உடன்பாட்டில் வேறு விதமாக இருந்தால் அதன்படி. ஆட்களை அனுப்புவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு எழுத்தில் தெரிவியுங்கள். குடியிருக்கும் வீட்டில் வேலை மெதுவாகத்தான் நடக்கும் என்பதை ஒப்பந்ததாரரிடமும் முதலிலேயே சொல்லி நாள் கணக்கை முடிவு செய்யுங்கள்.

அடுக்ககத்தில் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தை ஒவ்வோர் ஆண்டும் உயர்த்துகிறார்கள். பேச வழியுண்டா?

உண்டு, புதுப்பிக்கும் நாளுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்கினால். முதலில் ஒப்பந்த வகையைப் பாருங்கள். ஒருவகையில் உதிரி பாகங்களும் சேர்த்தி. இன்னொன்றில் எண்ணெய் விடுதலும் சரிபார்த்தலும் மட்டும். சேர்த்தி என்று சொல்லும் ஒப்பந்தத்திலும் கம்பிவடம், மோட்டார், கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவை விலக்குப் பட்டியலில் இருக்கக்கூடும். அப்படியானால் அதிக விலையின் பயன் பெரும்பாலும் போய்விடுகிறது. கடந்த ஆண்டின் பழுதுப் பதிவேட்டை முன்வைத்து, எத்தனை முறை நின்றது, ஆள் வர எவ்வளவு நேரமானது என்று கேட்டுப் பேசுங்கள். உள்ளே ஆள் சிக்கினால் எத்தனை நிமிடத்தில் வர வேண்டும் என்பதைத் தொகையைவிட முக்கியமாக நான் கருதுகிறேன். தமிழ்நாட்டில் லிஃப்டுக்கு 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் தேவை. அதற்கான ஆய்வின்போது உடன் இருப்பதும் ஒப்பந்தத்தில் அடங்கட்டும்.

பாதி வேலையில் பணத்தோடு போய்விட்டார். இனி என்ன?

உடனே வேறு ஆளை இறக்கிவிடாதீர்கள். இருக்கும் நிலையை நாளும் நேரமும் தெரியும்படி படமெடுத்து, முடிந்த வேலையை அளந்து, முடிந்தால் ஒரு பொறியாளரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். பிறகு, குறிப்பிட்ட நாளுக்குள் திரும்பாவிட்டால் வேறொருவரைக் கொண்டு முடித்து அதிகச் செலவைக் கோருவதாகப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்புங்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு மீறலால் இயல்பாக விளைந்த இழப்புக்கு ஈடு தருகிறது. ஆனால் இழப்பைக் குறைக்க உங்களால் இயன்றதைச் செய்தீர்களா என்றும் பார்க்கும். எனவே மழைக்காலம் நெருங்குகையில் திறந்து கிடக்கும் தளத்தை அப்படியே விட்டுவைப்பது வழக்குக்கு உதவாது.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். பல தகராறுகள் அந்த நிலையிலேயே பேசித் தீர்கின்றன. அடுத்தது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையம். நீங்கள் செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே முறையிடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. ஒப்பந்ததாரர் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் இல்லாமலும் வாதிடலாம். சிக்கல் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போக வேண்டும். கையெழுத்திட்ட வேலைப் பட்டியல், அளவுத் தாள், வங்கிப் பரிமாற்றப் பதிவு, படங்கள், அறிவிப்பின் நகல், பொறியாளரின் மதிப்பீடு ஆகியவற்றை நாள் வரிசையில் அடுக்கி மனுவோடு இணையுங்கள்.